சோழவரத்துக்கு வந்த கோவைக்காரர்

மலருக்கு ஒரு பெரியவருடைய வாழ்க்கை வரலாறு வேண்டும், நீங்கள்தான் எழுத வேண்டும் என்று சங்கச் செயலாளர் போனில் சொன்னபோது, ஜி.டி. நாயுடுவைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அவரைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதே கோவையிலிருந்து வந்த இன்னொருவர் நினைவுக்கு வந்தார். மெக்கானிக்கல் பிரிவில் படித்த பழைய மாணவர்கள் நாலு பேர் ஒன்று சேர்ந்தால் இன்றைக்கும் அவர் பேச்சு வராமல் போகாது. இப்போது படிக்கிற தம்பி, தங்கைகளில் பலருக்கோ அவர் பெயர் தெரியாது. அந்தக் குறை தீரட்டுமே என்றுதான் இந்தக் கட்டுரை.

அவர் பெயர் எஸ். கரிவர்தன். பந்தய வட்டாரத்தில் எல்லோருக்கும் சுருக்கமாகக் கரி.

கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் 1954 ஆகஸ்ட் 20-ம் தேதி பிறந்தவர். 1910-ல் லட்சுமி மில்லைத் தொடங்கிய ஜி. குப்புசாமி நாயுடுவின் வம்சம். ஜி.கே. சுந்தரத்தின் மகன். பஞ்சு, நூல், தறி என்று இருக்கிற வீட்டில் பிறந்த பிள்ளைக்கு மனசெல்லாம் பெட்ரோல் வாசனை. கோவையில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. மில்லுக்கு மோட்டார் வேண்டும், மோட்டாருக்கு ஃபவுண்டரி வேண்டும், ஃபவுண்டரிக்கு லேத் வேண்டும் என்று ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து வளர்ந்த ஊர் அது. ஒரு பொருள் கடையில் கிடைக்கவில்லை என்றால் நாமே செய்துவிடலாம் என்று நினைப்பது அந்த ஊர்க்காரர்களின் பிறவிக் குணம். கரியிடமும் அந்தக் குணம் இருந்தது.

கோவைக்காரருக்கும் வடசென்னையில் இருக்கிற நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நம் வட்டாரமும் சோழவரமும்

எஞ்சின் என்பது நம் பகுதிக்கு அன்னியமான சரக்கு அல்ல. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் ஆரம்பித்து ஆஸ்டின் கார்களைப் பூட்டி அனுப்பினார்கள். அதுதான் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் வந்தது. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்த எம்.ஆர்.எஃப். பிற்பாடு டயருக்கு வந்தது. மணலியில் 1969-ல் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. ஆக எஞ்சின், டயர், பெட்ரோல் மூன்றும் நமக்கு சைக்கிள் மிதிக்கிற தூரத்தில். முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க இடம்தான் பாக்கி. அதுவும் பக்கத்திலேயே இருந்தது.

மாத்தூரிலிருந்து மாதவரம் வந்து, ஜி.என்.டி. ரோட்டைப் பிடித்து, செங்குன்றம் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம் ஒன்று அங்கே இருந்தது. போர் முடிந்ததும் விமானம் போயிற்று, ஓடுதளம் மிச்சம். 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. அவர்கள் கண்ணில் இந்தக் காங்கிரீட் தளம் பட்டது. ஆங்கில எழுத்து டி மாதிரி அமைந்திருந்த அந்த ஓடுதளத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சீறின. 1950-களில் தொடங்கி சுமார் முப்பத்தைந்து வருஷம், நம் நாட்டு மோட்டார் பந்தயத்துக்குச் சோழவரம்தான் திருப்பதி. பம்பாய், கல்கத்தா, பெங்களூர், கோவை என்று எல்லா ஊரிலிருந்தும் வண்டிகள் வரும்.

எங்கள் செட் பையன்கள் ஹாஸ்டல் சாப்பாட்டைக் கட் பண்ணிவிட்டு, ஆந்திரா பக்கம் போகிற லாரியில் தொற்றிக்கொண்டு போவோம். வெயிலில் மண்டை காயும். காதுக்குள் இரைச்சல் திங்கள்கிழமை வரைக்கும் இருக்கும். ஆனால் தெர்மல் எஞ்சினியரிங் பாடத்தில் வாத்தியார் கரும்பலகையில் போட்ட பி-வி படத்துக்கு உயிர் வந்தது அங்கேதான்.

அந்தத் தளத்துக்கு 1970-களிலும் 80-களிலும் கோவையிலிருந்து வந்து ஓட்டியவர்களில் ஒருவர் கரிவர்தன். வசதியான வீட்டுப் பிள்ளைகள் பலர் வந்தார்கள். இவர் ஓட்டவும் செய்வார், வண்டியைத் தானே வடிவமைத்துக் கட்டவும் செய்வார். இந்த இரண்டாவது வேலைதான் பிற்பாடு இவரைத் தனியாக நிறுத்தியது.

அந்தக் காலத்து எஞ்சின் வித்தை

இவருடைய காரியத்தின் அருமை புரிய வேண்டுமானால், அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

லைசென்ஸ் ராஜ்யம். நாட்டில் ஓடிய கார்கள் மூன்றே வகை என்று சொல்லலாம். 1,489 சி.சி. அம்பாசடர், 1,089 சி.சி. ஃபியட், நம் வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஹெரால்டின் எஞ்சின் ஆயிரம் சி.சி.கூடக் கிடையாது. வெளிநாட்டிலிருந்து பந்தயக் கார் வரவழைக்கப் பெர்மிட் வேண்டும், சுங்க வரி வேண்டும். ஒரு சிலரால்தான் முடியும். மற்றவர்கள் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போகிற குடும்ப வண்டியின் எஞ்சினைத்தான் பிரித்துப் போட்டு அதிலிருந்து கூடுதல் குதிரைகளைப் பிடுங்கப் பார்த்தார்கள்.

எப்படிப் பிடுங்குவது? தம்பிகளுக்காகச் சொல்கிறேன். எஞ்சின் என்பது காற்றை இழுத்து, எரித்து, வெளியே தள்ளுகிற பம்ப். அதிகக் காற்றை உள்ளே விட வேண்டும், அதை இன்னும் இறுக்கி அமுக்க வேண்டும், நிமிஷத்துக்கு அதிகத் தடவை சுற்ற வைக்க வேண்டும். மொத்த வித்தையும் இந்த மூன்றுக்குள் அடக்கம்.

காற்றை அதிகம் விட, ஹெட்டில் இருக்கிற இன்லெட் துவாரங்களை அரம் போட்டு, கல் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். மேனிஃபோல்டும் ஹெட்டும் சேருகிற இடத்தில் படி தட்டாமல் ஒன்றோடொன்று பொருத்துவார்கள். பெரிய கார்புரேட்டர் போடுவார்கள், ஜெட்டின் ஓட்டையை மாற்றுவார்கள். எரிந்த புகை தடங்கல் இல்லாமல் போக, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய் வைத்து, அளந்த நீளத்தில் ஒன்று சேர்ப்பார்கள். கேம் ஷாஃப்டின் மூக்கை மாற்றிச் சாணை பிடித்து, வால்வு இன்னும் உயரமாகவும் இன்னும் நேரம் கூடவும் திறக்க வைப்பார்கள். அப்படிச் செய்தால் மேல் வேகத்தில் வண்டி பறக்கும், கீழ் வேகத்தில் சண்டித்தனம் பண்ணும். சிக்னலில் நின்றால் குளிர் ஜுரம் கண்ட மாதிரி உதறும்.

அமுக்கத்தைக் கூட்ட, ஹெட்டின் முகத்தைச் சீவ வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாருதி 800 எஞ்சின் 796 சி.சி., மூன்று சிலிண்டர். ஒரு சிலிண்டருக்கு 265 சி.சி. சொச்சம். அமுக்க விகிதம் 8.7 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் அறை 34.5 சி.சி. விகிதத்தை 10 ஆக்க வேண்டும் என்றால் அந்த அறை 29.5 சி.சி.க்கு இறங்க வேண்டும். அதாவது 5 சி.சி. குறைய வேண்டும். ஒரு டீஸ்பூன் அளவு! 68.5 மில்லிமீட்டர் துளைக்கு அது 1.4 மில்லிமீட்டர் உயரம்கூட இல்லை. அறையின் வாய் துளையைவிடக் குறுகலாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகச் சீவ வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஒரு டீஸ்பூனுக்குக் கொடுக்கிற விலை பெரிது. அன்றைக்கு பங்குகளில் கிடைத்த சாதாரண பெட்ரோல் 87 ஆக்டேன். அமுக்கம் ஏறினால் தீப்பொறி வைத்த இடத்திலிருந்து நெருப்பு ஒழுங்காகப் பரவுவதற்குள், மூலையில் இருக்கிற கலவை தானாகவே பற்றி வெடிக்கும். சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம் வரும். அதுதான் நாக்கிங். கவனிக்காமல் விட்டால் கேஸ்கட் போகும், பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன் அவன் அப்பாவின் பழைய ஃபியட் ஹெட்டைப் பட்டறையில் கொடுத்துச் சீவிவிட்டான். இரண்டு நாள் ராஜா மாதிரி சுற்றினான். மூன்றாம் நாள் செங்குன்றம் மேட்டில் ஹெட் கேஸ்கட் ஊதி, ரேடியேட்டர் தண்ணீரெல்லாம் சைலன்சர் வழியே வெள்ளைப் புகையாகப் போனது. அப்பாவுக்கு என்ன பதில் சொன்னான் என்பதை அவனே இன்று மாலை மேடையில் சொல்லட்டும்.

உலகம் முழுக்க இந்த வித்தைதான். வியன்னாவில் 1908-ல் பிறந்த கார்லோ அபார்த் என்பவர் 1949-ல் இத்தாலியில் கம்பெனி தொடங்கி, ஃபியட்டின் சின்னக் கார்களையே எடுத்து வேலை செய்தார். 633 சி.சி. ஃபியட் 600 எஞ்சினை 747 சி.சி. ஆக்கி, உதிரிச் சாமான்களைப் பெட்டியில் போட்டு விற்றார். இங்கிலாந்தில் ஜான் கூப்பர் 848 சி.சி. மினி காரின் எஞ்சினை 997 சி.சி. ஆக்கி, 34 குதிரைத்திறனை 55 ஆக்கினார். 1961-ல் அது மினி கூப்பர் என்றே விற்பனைக்கு வந்தது. அவர்களுக்குப் பின்னால் பெரிய கார் தொழிற்சாலைகள் நின்றன. நல்ல பெட்ரோல் இருந்தது, நல்ல ஸ்டீல் இருந்தது. நம் ஆட்களுக்கு என்ன இருந்தது? புதுப்பேட்டையில் பொறுக்கிய சாமான், தெரிந்த டர்னர் ஒருவர், ராத்திரி முழுக்க எரிகிற ஒரு பல்பு. இதை வைத்துக்கொண்டு அவர்கள் சாதித்தது சாதாரணம் இல்லை.

அதில் ஒரு அநியாயமும் இருந்தது. பந்தயத்தில் ஜெயித்தவர் நல்ல ஓட்டுநரா, அல்லது நல்ல எஞ்சின் வாங்க வசதி உள்ளவரா என்று சொல்ல முடியாது. ஒரு எஞ்சின் வெடித்தால் அடுத்ததைப் போட முடிகிறவர் அடுத்த பந்தயத்துக்கு வருவார். முடியாதவர் வீட்டுக்குப் போவார். திறமை இருந்தும் அப்படி வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேரோ.

எண்பதுகளின் புது எஞ்சின்

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அம்பாசடர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தீப்பெட்டி மாதிரி இருந்தது. பெரியவர்கள் சிரித்தார்கள். மெக்கானிக்குகள் சிரிக்கவில்லை. லேசான எஞ்சின். தலைக்கு மேலே கேம் ஷாஃப்ட். அதைச் சுற்ற பெல்ட். தள்ளுகம்பி கிடையாது. ஆகவே பழைய எஞ்சின்களைவிட வேகமாகச் சுற்றச் சம்மதிக்கும். சுமார் 40 குதிரைத்திறன். இன்னொரு முக்கியமான விஷயம்: எஞ்சின், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் சேர்ந்து ஒரே மூட்டை. அந்த மூட்டை காரின் குறுக்கே முன்னால் உட்கார்ந்து முன் சக்கரங்களை ஓட்டியது. எல்லாவற்றுக்கும் மேலாக, உதிரிப் பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், விலையும் கட்டுப்படி.

எல்லோரும் இந்த எஞ்சினில் இன்னும் எத்தனை குதிரை கூட்டலாம் என்று பார்த்தபோது, கரி வேறு திசையில் போனார். எஞ்சினைத் தொடாமல், அதைச் சுற்றியிருந்த காரை எடுத்துவிட்டார்.

குழாய்களை வெல்டு பண்ணி ஒரு சட்டம். அதன் மேல் ஃபைபர் கிளாஸ் உடம்பு. ஒருவர் மட்டும் படுத்த மாதிரி உட்காருகிற இடம். அவர் முதுகுக்குப் பின்னால் மாருதியின் அந்த எஞ்சின் மூட்டை. முன் சக்கரத்தை ஓட்டிய அதே மூட்டை இங்கே பின் சக்கரத்தை ஓட்டும். சக்கரங்கள் நான்கும் வெளியே. பார்த்தால் டெலிவிஷனில் வருகிற ஃபார்முலா கார் மாதிரியே இருக்கும், உள்ளே ஓடுவது நம் தெருவில் பால் வாங்கப் போகிற காரின் எஞ்சின். 1988-ல் வந்த இந்தக் காருக்கு ஃபார்முலா மாருதி என்று பெயர். ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து ஃபிஸ்மி என்றும் சொல்வார்கள். கோவையில் சூப்பர் ஸ்பீட்ஸ் நிறுவனத்தின் வழியாக இந்தக் கார்கள் உருவாயின.

இதில் என்ன பெரிய லாபம்? மறுபடி ஒரு சின்னக் கணக்கு. இது உதாரணத்துக்கு எடுத்த எண்தான். காரும் ஓட்டுநருமாக 690 கிலோ, எஞ்சின் 40 குதிரைத்திறன் என்று வைப்போம். ஒரு குதிரை 17 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். அதே எஞ்சினை 460 கிலோ மொத்த எடையில் வைத்தால் ஒரு குதிரைக்கு 11.5 கிலோதான். முதல் காரில் இந்த வேகத்தை எட்ட வேண்டுமானால் 60 குதிரைத்திறன் வேண்டும். அதாவது எஞ்சினில் ஒரு திருகைக்கூடத் திருப்பாமல், 50 சதவீதம் சக்தி கூட்டியதற்குச் சமம்! ஹெட்டைச் சீவி, கேமைச் சாணை பிடித்து 50 சதவீதம் கூட்டியிருந்தால் அந்த எஞ்சின் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் தாங்கும்? இங்கேயோ எஞ்சின் அதன் பாட்டுக்கு ஓடும். எடை குறைந்ததால் பிரேக் சீக்கிரம் பிடிக்கும், வளைவில் டயருக்குப் பாரம் குறையும். சக்தியைக் கூட்டினால் நேர் ரோட்டில் மட்டும்தான் ஆதாயம். எடையைக் குறைத்தால் பந்தயத் தளத்தின் ஒவ்வொரு அடியிலும் ஆதாயம்.

இப்படிச் செய்த முதல் ஆள் உலகத்தில் கரி இல்லை. அமெரிக்காவில் 1960-களிலேயே ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் பாகங்களை வைத்து ஃபார்முலா வீ என்ற மலிவுப் பந்தயக் காரைச் செய்துவிட்டார்கள். அங்கே அதற்கு வழி இருந்தது. இங்கே கிடைத்ததை வைத்து, நம் பட்டறையில், நம் ஆட்களின் கையால் அதைச் செய்ய ஒருவர் வேண்டியிருந்தது.

எல்லோருக்கும் ஒரே எஞ்சின்

நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததற்கான உண்மையான காரணம் இனிதான் வருகிறது.

ஒரே வகைக் கார்ப் பந்தயத்தின் தர்மம் என்ன? எல்லோருக்கும் ஒரே சட்டம், ஒரே எஞ்சின். இஷ்டத்துக்கு எஞ்சினை மாற்றக் கூடாது. பணம் உள்ளவர் கூடுதல் குதிரை வாங்கிப் போட முடியாது. அப்புறம் மிச்சமிருப்பது ஓட்டுகிறவரின் கையும் காலும் கண்ணும்தான். யார் தாமதமாகப் பிரேக் போடுகிறார், யார் வளைவில் சரியான கோட்டைப் பிடிக்கிறார் என்பதுதான் ஜெயிக்கும்.

கரிக்கு இது தேவையே இல்லை. நினைத்துப் பாருங்கள். அவர் பிறந்த வீட்டுக்குப் பணம் பெரிய விஷயம் இல்லை. நல்ல கார் வைத்துக்கொண்டு, நல்ல எஞ்சின் போட்டுக்கொண்டு, கோப்பை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். வசதி கொடுக்கிற ஆதாயத்தை ஒழிக்கிற ஒரு காரை, வசதியுள்ளவரே உட்கார்ந்து வரைந்தார். தன் கையில் இருந்த சீட்டைத் தானே கிழித்துப் போட்ட மாதிரி. ஓட்டுநராக அவர் வாங்கிய பரிசுகளை இன்று நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. அவர் வரைந்த காரில் ஏறிப் படித்தவர்களை நாடே அறியும்.

எஞ்சினை மாற்றக் கூடாது என்றால் மெக்கானிக்குக்கு வேலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேதான் அசல் மெக்கானிக் தெரிவார். தொழிற்சாலை கொடுத்த அளவுக்குள்ளேயே வால்வு இடைவெளியை நூல் பிடித்த மாதிரி வைப்பது, இக்னிஷன் டைமிங்கை நாக்கிங் வருகிற எல்லைக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்துவது, பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்துக் கலவை சரியா என்று சொல்வது, பேரிங் உராய்வு குறைய எஞ்சினைப் பக்குவமாகப் பழக்குவது. இதற்குக் காசு வேண்டாம், பொறுமை வேண்டும். கெட்டிக்கார மெக்கானிக் கை வைத்த எஞ்சினுக்கும், ஏனோதானோவென்று பூட்டிய எஞ்சினுக்கும் வித்தியாசம் ஓட்டிப் பார்த்தாலே தெரியும்.

சோழவரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு

1990-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஒரு நிரந்தரத் தளத்தைத் திறந்தது. நாட்டிலேயே முதல் தளம் அது. சோழவரத்து இரைச்சல் அடங்கியது. நம் பகுதிக்காரர்களுக்கு அது வருத்தம்தான். ஆனால் ஓடுதளத்தில் டிரம்மும் வைக்கோல் கட்டும் வைத்து ஓட்டியதைவிட அது எவ்வளவோ பத்திரம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

புதுத் தளத்தில் கரியின் கார்கள் வரிசை கட்டி நின்றன. 1992-ல் கோவையிலிருந்து பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தன் முதல் பந்தயத்துக்கு வந்தான். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் பேர் பெற்ற ராலி ஓட்டுநர். பையன் ஏறியது ஃபார்முலா மாருதியில். முதல் பந்தயத்திலேயே முதல் மூன்று பேருக்குள் வந்து மேடை ஏறினான். அந்தப் பையன்தான் நரேன் கார்த்திகேயன். பதிமூன்று வருஷம் கழித்து, 2005 மார்ச்சில், ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஜோர்டான் காரில் அவர் கிளம்பியபோது, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார்.

அதைப் பார்க்கக் கரி இல்லை. 1995 ஆகஸ்ட் 24-ம் தேதி விமான விபத்தில் அவர் காலமானார். நாற்பத்தொன்றாம் பிறந்த நாள் முடிந்து நாலே நாள். வேகத்தின் மீது அவருக்கு இருந்த ஆசை தரையோடு நிற்கவில்லை. அதுவே எமனாகவும் வந்தது. ஃபார்முலா மாருதி வந்து ஏழே வருஷம். இன்னும் இருபது வருஷம் இருந்திருந்தால் என்னென்ன வரைந்திருப்பார் என்று நினைக்கும்போது மனசு கனக்கிறது.

ஆனால் அவர் விட்டுப் போன கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. சென்னைப் பையன் கருண் சந்தோக் 2000-ம் ஆண்டு பந்தயத்துக்கு வந்தபோது ஏறியதும் ஃபார்முலா மாருதிதான். 2010-ல் அவரும் ஃபார்முலா ஒன் தளத்தில் நின்றார். இந்தியாவிலிருந்து அந்த உச்சிக்குப் போனவர்கள் இதுவரை இரண்டே பேர். இரண்டு பேருக்கும் அரிச்சுவடி இந்த 796 சி.சி. எஞ்சின்தான்.

2003-ல் கோவை செட்டிபாளையத்தில் ஒரு பந்தயத் தளம் திறந்தார்கள். அதற்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்றே பெயர் வைத்தார்கள். ஃபார்முலா மாருதிக்கு அடுத்த தலைமுறையாக, 1,300 சி.சி. எஞ்சின் வைத்த ஃபார்முலா எல்.ஜி.பி. கார்களும் கோவையிலிருந்து வந்தன. ஒரே எஞ்சின், ஒரே கார், ஓட்டுகிறவன் கெட்டிக்காரன் என்றால் ஜெயிக்கட்டும் என்ற அதே கொள்கை.

இன்றைய தம்பிகளுக்கு

காலம் மாறிவிட்டது. இப்போது எஞ்சினின் சக்தியைக் கூட்ட ஹெட்டைக் கழற்ற வேண்டாம். லேப்டாப்பைச் சொருகி, கம்ப்யூட்டர் பெட்டியில் இருக்கிற கணக்கை மாற்றினால் போதும். டர்போ வைத்த எஞ்சினில் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் உட்கார்ந்த இடத்தில் குதிரைகள் பெருகும். ஆனால் வெப்பமும் நாக்கிங்கும் மாறவில்லை. பிஸ்டனுக்கு லேப்டாப் தெரியாது. கூட்டிய சக்திக்கு ஏற்ற பிரேக்கும் டயரும் இல்லாவிட்டால் அது வேகம் இல்லை, ஆபத்து. தெருவில் ஓடுகிற வண்டியின் அமைப்பைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. சைலன்சரைக் கழற்றிவிட்டு மணலி ரோட்டில் ஊரைக் கூட்டுவதற்கும் எஞ்சினியரிங்குக்கும் சம்பந்தம் கிடையாது. அதற்கெல்லாம் தனித் தளம் இருக்கிறது. சோழவரத்துக்குப் போனவர்களும் அதற்காகத்தான் போனார்கள்.

நம் மாணவர்களில் பாஜா போட்டிக்கு வண்டி கட்டுகிற ஆசை பலருக்கு இருப்பது தெரியும். அந்தப் போட்டியின் விதி என்ன? எல்லாக் கல்லூரிக்கும் ஒரே எஞ்சின், அதன் உள்ளே கை வைக்கக் கூடாது. பெரிய கல்லூரியாக இருந்தாலும் அதே எஞ்சின், மாத்தூரிலிருந்து போனாலும் அதே எஞ்சின். சக்தி கூட்ட முடியாத இடத்தில் எடையைக் குறை, உராய்வைக் குறை, சட்டத்தைச் செம்மையாகக் கட்டு. கரி 1988-ல் செய்து காட்டியதும் இதைத்தான். ஸ்பான்சர் இல்லை, டைனோ இல்லை, பக்கத்துக் கல்லூரியில் எல்லாம் இருக்கிறது என்று சோர்ந்து உட்காருகிற நேரத்தில், வெல்டிங் ஷாப்பில் ஒரு குழாயைக் கையில் எடுத்து இதை எப்படி இன்னும் அரைக் கிலோ குறைக்கலாம் என்று யோசியுங்கள். அப்போது நீங்கள் கரியின் பள்ளியில் சேர்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பழைய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று மாலை சாப்பாட்டுப் பந்தியில் வகுப்பு, சம்பளம், பேரப் பிள்ளை எல்லாம் பேசி முடித்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு மாணவரைக் கூப்பிட்டுச் சோழவரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். லாரியில் தொற்றிப் போனது, வெயிலில் நின்றது, கோவைக்காரர் ஒருவர் வந்து ஓட்டியது, ஓட்டியதோடு நிற்காமல் மற்றவர்கள் ஓட்ட ஒரு காரைச் செய்து கொடுத்துவிட்டுப் போனது. மறக்காமல், அந்த ஹெட் கேஸ்கட் கதையையும்.